பக்கத்தில் வந்த கோவில்பட்டி

பெட்ரோல் டேங்கில் நாலு பாச்சை உருண்டை போட்டால் வண்டி கூடுதலாகக் கிலோமீட்டர் கொடுக்கும் என்று முதன்முதலில் கிளப்பிவிட்ட ஆசாமியை நான் சந்திக்க விரும்புகிறேன். திட்டுவதற்கு அல்ல. பீரோவில் பட்டு வேட்டிக்கு நடுவே கிடக்கிற சாமானைப் பார்த்து, இதைக் கொண்டுபோய் காருக்குப் போட்டால் என்ன என்று ஒரு மனிதனுக்குத் தோன்றியிருக்கிறதே, அந்தக் காலைப்பொழுது எப்படி இருந்திருக்கும் என்று கேட்பதற்கு. உருண்டை பெட்ரோலில் கரையும், எரியவும் எரியும். இருபது லிட்டருக்கு நாலு உருண்டை என்பது காவிரியில் கரைத்த பெருங்காயம்தான். நின்று போன வண்டியின் கார்புரேட்டர் ஜெட்டில் வெள்ளையாகப் படிந்தால் அதைச் சுரண்ட ஒரு நாள் பட்டறைக் கூலி ஆகும்.

கூலி ஆனது எனக்குத் தெரியும். அந்த உருண்டைகளைக் கடையில் போய் வாங்கி வந்தவன் நான்.

வண்டி மாமாவுடையது. 1988 மாடல் மாருதி 800, வெள்ளை, 1994-ல் இரண்டாம் கையாக பாளையங்கோட்டைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, நாலு கியர், முக்கால் டன்கூட வராத எடை. வாங்கின அன்றைக்கே தெருவில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'எவ்வளவு கொடுக்கு?'

இந்தக் 'கொடுக்கு' எனக்கு வெகுநாள் யோசனை தந்த வினைச்சொல். மாட்டைப் பற்றியும் இப்படித்தான் கேட்போம். வேளைக்கு எவ்வளவு கொடுக்கு? வண்டியும் மாடு மாதிரி ஏதோ மடியில் வைத்திருக்கிறது, மனமிருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் அடக்கிக்கொள்ளும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. அதே வண்டி பிடிக்காமல் போனால் கேள்வி மாறிவிடும்: 'சும்மா பெட்ரோலாக் குடிக்கு.' கொடுக்கிற மாடும் குடிக்கிற மனுசனும். கல்லெல்லாம் கிலோமீட்டராகி அறுபது வருசத்துக்குமேல் ஆன பிறகும் நாம் 'மைலேஜ்' என்றே சொல்லிக்கொண்டிருப்பது இன்னொரு வேடிக்கை. அதை விடுங்கள்.

மாமா மாட்டை நம்புகிற கட்சி. தீவனத்தைச் சரியாகப் போட்டுத் தட்டிக்கொடுத்தால் இன்னும் கால் லிட்டர் கறக்கலாம் என்பது அவருடைய மதம். அதற்கு வேதம் ஒரு நீள நோட்டு. டேஷ்போர்டு அடியில் இருக்கும், ரப்பர் பேண்டில் ஒரு பேனாவும் சேர்த்துக் கட்டி. ஆறு கட்டம்: தேதி, மீட்டர், லிட்டர், ரூபாய், 'கொடுத்தது', குறிப்பு.

பங்க்கில் என் வேலை வண்டியை ஆட்டுவது. சும்மா சொல்லவில்லை. ஃபுல் டேங்க் என்றால் மாமாவுக்கு ஃபுல் டேங்க். பம்ப்பில் 'டக்' என்று நின்றதும் பையன் குழாயை எடுக்கப் போவான். 'இருடே' என்பார் மாமா. 'உள்ள காத்து நிக்கும். மருமவனே, ஆட்டு.' நான் பின்பக்க பம்பரில் ஏறி நின்று குதிப்பேன். எனக்குப் பன்னிரண்டு வயது. வண்டி தொட்டில் மாதிரி ஆடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தையும் ஆடுவாள், ரோட்டைப் பார்க்காமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டு. குடுகுடு என்று ஒரு சத்தம் கேட்கும், காற்று வெளியேறிவிட்டது. இன்னும் அரை லிட்டர் இறங்கும். மாமா குனிந்து, ஒரு கண்ணை மூடி, டேங்க் வாய்க்குள் பார்ப்பார். விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே பெட்ரோல் மின்னினால்தான் திருப்தி. பின்னால் நிற்கிற லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். நான் குதித்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரிப்பேன், வேறென்ன செய்ய. அளக்கிற கோடு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அந்தப் பம்பர் மேல்தான் படித்தேன். மாமா அந்தக் கோட்டில் அவ்வளவு கவனமாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கறப்பதற்கு அவர் செய்த வைத்தியங்கள் பல. மேலே இருந்த கேரியரைக் கழற்றினார். அது நியாயம், காற்றில் தடுக்கிற பொருள். டயரில் காற்றை ரெண்டு பாயிண்ட் கூட வைத்தார். அதுவும் சரி, சாலையின் குழிகள் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் பதிவானது தவிர. எங்கோ படித்துவிட்டு முன் கிரில்லில் அட்டை வைத்து அடைத்தார். குளிர்தேசத்தில் இன்ஜின் சீக்கிரம் சூடாக அது நல்ல யுக்தி. திருநெல்வேலியில் சூடுக்கு யுக்தி தேவைப்படவில்லை. வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் ஊசி சிவப்புக்குப் போனது. கார்புரேட்டரில் சின்ன ஜெட் போட்டுப் பார்த்தார். மேட்டில் வண்டி இருமியது. ஏசி கிடையாது, ஆனாலும் ஐம்பதுக்கு மேல் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும் என்பது சட்டம். சித்திரை மாதத்தில் நாங்கள் சேமித்த பெட்ரோல் எங்கள் சட்டையில் தெரியும்.

பாபநாசம் இறக்கத்தில் இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டினார் ஒருநாள். அத்தை அன்றைக்குப் போட்ட சத்தத்தில் அந்த வைத்தியம் மட்டும் மறுபடி நடக்கவில்லை. சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கும் என்று பிற்பாடு தெரிந்தபோது, அத்தைதான் எங்கள் வீட்டின் ஒரே இன்ஜினியர் என்று புரிந்தது.

எடை குறைப்பு தனி அத்தியாயம். ஜாக்கி, ஸ்பேனர், பின்சீட்டு உறை எல்லாம் வீட்டுக்குப் போயின. கடைசியாக ஸ்டெப்னி. கயத்தாறு தாண்டி, பனைமரம் தவிர வேறு நிழல் இல்லாத இடத்தில், பஞ்சர் ஆனது. மாமா இறங்கி டயரைப் பார்த்தபடி நின்றார். அத்தை உள்ளே இருந்தபடியே சொன்னாள்: 'என்னையும் இங்கனயே இறக்கி விட்டுட்டுப் போங்க. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் சேத்துக் கொடுக்கும்.'

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் 1996 ஆடி மாதம். நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணம். போகும்போது இங்கே நிரப்பி, அங்கே நிரப்பி, திரும்பி வந்து மறுபடி நிரப்பியிருக்கிறார். போக 16.8. வர 20.9. ஒரே வண்டி, ஒரே ஆட்கள், ஒரே ரோடு. குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்: 'ஆரல்'.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற காற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் விளக்கம் கேட்க மாட்டார்கள்; சைக்கிளில் போனவர்கள் உடம்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டதற்குக் காரணமும் அதுதான். அறுபதில் போகிற காருக்கு எதிரே முப்பதில் காற்று வந்தால், காரைப் பொறுத்தவரை அது தொண்ணூறில் போகிறது. காற்றின் தடுப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிற சமாச்சாரம், ஆகவே ஒன்றரை மடங்கு வேகத்துக்கு இரண்டேகால் மடங்கு தடுப்பு. ஜெட், அட்டை, உருண்டை எல்லாம் சேர்ந்து அசைக்காத ஊசியை மேற்குமலை ஒரே மத்தியானத்தில் நாலு கிலோமீட்டர் அசைத்துவிட்டது. மாமா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. 'ஆரல்' என்ற சொல்லை அவர் எழுதியிருக்கும் எழுத்தில் ஒரு மரியாதை இருக்கிறது.

இந்தப் பைத்தியம் மாமாவோடு தொடங்கியதல்ல. 1939-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வுட் ரிவர் என்ற ஊரில், ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் யார் வண்டி அதிகம் கொடுக்கிறது என்று வாக்குவாதம் வந்து, பந்தயம் கட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஜெயித்தவருக்கு நம் கணக்கில் லிட்டருக்கு 21. மாமாவின் மாருதி முதுகுக் காற்றில் தொட்ட அளவு. பந்தயம் வருசா வருசம் நடந்து, 1973-ல் ஒரு 1959 மாடல் ஓப்பல் காரைப் பிரித்து மேய்ந்தார்கள். பின்சக்கரங்களை நெருக்கி வைத்து, சைக்கிள் மாதிரி சங்கிலி போட்டு, டயரை இரும்பாக இறுகக் காற்றடைத்து ஓட்டினார்கள். லிட்டருக்கு 160 கிலோமீட்டர். அதில் ஏறிக் கல்யாணத்துக்குப் போக முடியாது என்பது வேறு. அந்த ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணெய் விற்கிற கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணெயைக் குறைக்கப் போட்டி போட்டார்கள் என்பதுதான் எனக்கு ருசி. கள்ளுக்கடைச் சிப்பந்திகள் சேர்ந்து மதுவிலக்குச் சங்கம் வைத்த மாதிரி.

எங்கள் பக்கத்தில் 1996-ல் பேச்செல்லாம் மூலிகைப் பெட்ரோல். ராஜபாளையம் பக்கத்திலிருந்து கிளம்பிய செய்தி, டெல்லி வரைக்கும் போனது. மாமா ஒரு மாதம் நோட்டையே திறக்கவில்லை. இலையைக் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வரும் என்றால் பிறகு இந்த அரைக் கிலோமீட்டர், கால் கிலோமீட்டருக்கு என்ன மதிப்பு? அந்தக் கண்டுபிடிப்பு சாயம் வெளுத்தபோது ஊரே ஏமாந்த முகத்தோடு இருந்தது. மாமா மட்டும் நிம்மதியாக மறுபடி ரப்பர் பேண்டைக் கழற்றினார். தாத்தா மட்டும் முதலிலிருந்தே அசையவில்லை. யுத்தகாலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது கரி பஸ்ஸில் போனவர் அவர். பஸ்ஸின் பின்னால் அடுப்பு, அதில் கரி, அதிலிருந்து வரும் வாயுவில் இன்ஜின். கிளம்புமுன் விசிறியைச் சுற்ற வேண்டும், மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். 'டிக்கெட் வாங்கினவன் தள்ளுவான், அதுதான் மைலேஜ்' என்பார்.

இப்போது டயருக்கு வருகிறேன். 1997 பிப்ரவரி. பட்டறைக்காரர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். மாருதிக்கு வருவது 145/70 டயர். அதே அகலத்தில் 145/80 போட்டால் டயர் கொஞ்சம் உயரம். ஒரு சுற்றுக்குக் கூட தூரம் உருளும், அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும், பெட்ரோல் மிஞ்சும். மாமாவுக்கு இது சட்டென்று பிடித்தது; ஐந்தாவது கியர் இல்லாத வண்டிக்கு அரைக் கியர் சேர்த்த மாதிரி. நாலு டயர் வாங்கிப் போட்டார். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உள்ளே லேசாக உரசியது. பரவாயில்லை.

நோட்டு சொல்கிறது: 18.4. 18.2. 18.5. 18.4. அதற்கு முன் சராசரி 18.9. ஐந்தாவது வரியில், பேனாவை அழுத்தி: 'பழைய டயரே மாட்டியாச்சு. அவன் பேச்சைக் கேட்டது தப்பு.' புது டயர்கள் யாருக்கோ பாதி விலைக்குப் போயின.

போன மாதம் நோட்டு என் கைக்கு வந்தது. வண்டி விற்றுப் பதினைந்து வருசத்துக்கு மேல் ஆகிறது. புரட்டிக்கொண்டு வந்தவன் அந்தப் பக்கத்தில் நின்றேன். பெரியம்மா வீடு கோவில்பட்டியில் இருந்ததால் மாமா மாதம் இருமுறை போவார். ஒவ்வொரு தடவையும் தூரத்தைக் குறிப்பில் எழுதுவார். 55. 55. 56. 55. அந்த நாலு வரியில் மட்டும் 52. பக்கத்தில் மாமாவின் விளக்கம்: 'ரோட்டை நேராக்கிட்டான் போல.' ஐந்தாவது வரியில் கோவில்பட்டி பழையபடி 55-க்குத் திரும்பிப் போய்விட்டது. அதற்கு விளக்கம் இல்லை.

ஊர் எங்கே நகரும்? கார் மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் தெரியும். உயரமான டயர் போட்டால் குறைவாகச் சுற்றும், மீட்டரும் குறைவாகக் காட்டும். ரெண்டு டயரின் விட்டத்தையும் கணக்குப் போட்டேன். ஒன்று 51 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, மற்றது 54-க்குக் கொஞ்சம் கீழே. வித்தியாசம் சுமார் 5.7 சதவீதம். 18.4-ஐ அதால் பெருக்கினால் 19.4 வருகிறது. அதாவது அத்தனை வைத்தியத்திலும் மருந்தாக வேலை செய்தது ஒன்றே ஒன்று, அதைத்தான் மாமா கழற்றி எறிந்திருக்கிறார். பெட்ரோலை விரல்கடை சுத்தமாக அளந்த மனிதர், என்னைப் பம்பரில் குதிக்கவைத்த மனிதர், முழக்கோல் நீண்டுபோனதைக் கவனிக்கவில்லை. மீட்டரைச் சரிபார்க்க வழிநெடுக மஞ்சள் தலையோடு கல் நின்றது, கிலோமீட்டருக்கு ஒன்றாக.

நேரில் போய்ச் சொன்னேன். மாமாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. காது கொஞ்சம் மந்தம், கணக்கு மந்தமில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

'எத்தன சதவீதம்னு சொன்ன?'

'அஞ்சு புள்ளி ஏழுன்னு வச்சுக்குங்க மாமா.'

பென்சில் கேட்டார். நாலு வரியையும் ஒவ்வொன்றாகப் பெருக்கி, பழைய எண்ணை அடிக்காமல் அதன் தலைமேல் சின்னதாகப் புது எண்ணை எழுதினார். 19.4. 19.2. 19.6. 19.4. சராசரி போட்டு அடிக்கோடு இழுத்தார். அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். 'அந்த டயர எவ்வளவுக்குக் கொடுத்தீங்க?' என்று கேட்டாள். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

பிறகு அந்தக் குறிப்புக் கட்டத்துக்குப் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் கையெழுத்தைத் தானே வாசித்தார். அவர் முகம் சுருங்கியது அப்போதுதான்.

'அப்போ அவன் ரோட்டை நேராக்கவே இல்லையாடே?'