இடம் மாறிய நபிமொழி



மதரஸாவில் நான் பாடம் நடத்தத் தொடங்கிய புதிதில், கோட்டைக்குப்பத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனால் கரை திரும்ப மறுநாள் ஆகிவிடுகிறது. படகில் இருப்பது குடிதண்ணீர் மட்டுமே. உளூவுக்கு என்ன செய்வது?" என்று கேட்டார்.

ஓதிய காலத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைப் புரட்டினேன். 'தூய்மை' என்ற தலைப்பின் கீழ்த் தயம்மும் சட்டங்கள் இருந்தன. அவற்றையே கூறி அனுப்பினேன். அவரும் ஒரு டப்பாவில் மண் எடுத்துச் சென்று, அதைக் கொண்டு தயம்மும் செய்து தொழுது வந்தார்.

சில வாரங்களுக்குப் பின், 'உணவு' என்ற பகுதியில் வேறொன்றைத் தேடியபோது அந்த ஹதீஸ் கண்ணில் பட்டது. கடற்பயணி ஒருவர் இதே கேள்வியை நபி (ஸல்) அவர்களிடம் கேட்கிறார். கடல்நீர் தூய்மையானது, அதில் இறந்தவை உண்ண ஆகுமானவை என்று பதில் கிடைக்கிறது. மீன் பற்றிய பாடத்தில் கேட்டதால் அதை உணவின் கீழ் எழுதியிருந்தேன். மீனுக்குரிய ஆதாரமாகவே அது என் மனத்திலும் பதிந்துவிட்டது. ஹதீஸ் சரியானது, நான் வைத்த இடம்தான் குறையானது. அதனால், கடல்நீர் சூழ்ந்திருக்க ஒருவரை மண்ணால் தயம்மும் செய்ய வைத்துவிட்டேன்.

முன்னோர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள்! அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸை இமாம் இப்னு மாஜா (ரஹ்) தூய்மை பற்றிய பகுதியிலும், வேட்டை பற்றிய பகுதியிலும் பதிவு செய்துள்ளார்கள். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற ஹதீஸை இமாம் புகாரீ (ரஹ்) தமது ஸஹீஹில் 7 இடங்களில் வைத்துள்ளார்கள். வஹீ, ஈமான், திருமணம், சத்தியம் என அது ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு புதிய சட்டத்தை உணர்த்துகிறது. புகாரீயின் சட்ட அறிவு அவரது பாடத் தலைப்புகளில் இருக்கிறது என்று அறிஞர்கள் கூறுவது இதனால்தான்.

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னத், அறிவித்த நபித்தோழரின் பெயர் வாரியாக அமைந்தது. அறிவிப்பாளர் யாரென்று தெரிந்தவருக்கு அது எளிது. சட்டம் தேடும் பாமரருக்கு அரிது. கடந்த நூற்றாண்டில் எகிப்தில் கைக்கடிகாரம் பழுதுபார்த்து வாழ்ந்த அஹ்மத் அப்துர் ரஹ்மான் அல்பன்னா என்ற அறிஞர், அந்தப் பெருந்தொகுப்பு முழுவதையும் பொருள் வாரியாக மாற்றி அமைத்தார். ஆயுளின் பெரும்பகுதியை ஒருவர் வரிசைப்படுத்துவதற்கே செலவிட்டார் என்றால், அதுவும் ஓர் இல்முப் பணிதான்.

நான் அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்று தவற்றை ஒப்புக்கொண்டு, அந்தத் தொழுகைகளைக் களாச் செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "வலையை ஒழுங்காக மடித்து வைக்காவிட்டால், நடுக்கடலில் சிக்கெடுக்கவே பொழுது போய்விடும் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார்.

இன்று என் மாணவர்கள் எந்த ஹதீஸை எழுதினாலும் நூலின் பெயர், எண், பாடத் தலைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுதுகிறார்கள். இரண்டு பாடங்களுக்கு உரியதாயின் இரண்டிலும் குறிக்கிறார்கள். கைப்பேசியில் தலையும் வாலும் இன்றி வரும் மார்க்கச் செய்திகளிடமும் நாம் கேட்க வேண்டியது இதுவே: இது எந்த நூலில், எந்தப் பாடத்தில் உள்ளது?

கற்ற கல்வியை உரிய இடத்தில் வைத்து, உரிய நேரத்தில் எடுத்துரைக்கும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.