மூன்று நிரல் கொப்பி

மலையகத்தில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் செய்தி லயத்தின் கடைசிக் காம்பரா வரை போய்ச்சேர ஒரு மணித்தியாலம் போதும். அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பீடம் திறக்கும் வரை பிள்ளை வீட்டில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் மகிழ்ச்சி மெல்ல வற்றிப் பயம் ஊறத் தொடங்கும்.

சென்ற வருடம் எங்கள் பட்டிப்பொலயில் அப்படியொரு பயத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் இருக்கிற ஊர் இது. உருளைக்கிழங்கும் மரக்கறியும் பாலும்தான் எங்கள் சீவியம். என்னிடம் ஒன்பதாம் தரம் வரை விஞ்ஞானம் படித்த பிள்ளையொன்று, நகரத்துப் பாடசாலையில் உயர்தரம் எழுதி, மருத்துவ பீடத்துக்குத் தெரிவானாள். தகப்பன் மரக்கறித் தோட்டத்தில் கூலி. மாமன் கீழே நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் ஒரேயொரு கறவை மாடு.

ஒரு பின்னேரம் தகப்பன் என் வீட்டுக்கு வந்தார்.

"மாட்ட வித்துரலாமுன்னு பாக்குறேன் மாஸ்டர். மொத வருசத்துல உயிர் இரசாயனமுன்னு ஒரு பாடமாம். இங்கிலீசுலதான் எல்லாமாம். டவுன்ல கிளாஸ் போட்டு இப்பவே படிச்சாத்தான் தப்பலாமுன்னு சொல்றாங்க. தமிழ்ல படிச்சதெல்லாம் மறந்துறணுமாம்."

மாட்டை விற்பதைவிட அந்தக் கடைசி வசனம்தான் என்னை உறுத்தியது. ஆனால் நான் என்ன சொல்வது? ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன் நான். பல்கலைக்கழக விரிவுரை மண்டபமொன்றில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. "ரெண்டு நாள் பொறுங்க அண்ணே, மாட்டை விக்காதீங்க" என்று அனுப்பிவிட்டு, ஆய்வுகூடமொன்றில் வேலை செய்யும் என் சாச்சாவின் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நானா, எங்கட புள்ளைகளுக்கு விடை தெரியாமலில்லை. கேள்வியை அடையாளம் தெரியிறதில்லை" என்றார் அவர். "புது ஆளெண்டு நினைச்சி முழிப்பாங்க. பார்த்தா, உயர்தரத்தில தமிழ்ப் பேரோட பழகின அதே ஆள்தான்."

அடுத்த நாளே பிள்ளையை வரச் சொன்னேன். நூற்றுக்கணக்கான பக்கமுள்ள ஆங்கில நூலை முன்கூட்டியே மனப்பாடம் செய்யும் எண்ணத்தை இருவரும் கைவிட்டோம். ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறினோம். முதலாவதில் தமிழ்ச் சொல், இரண்டாவதில் ஆங்கிலச் சொல், மூன்றாவதில் அது நம் வீட்டில், தோட்டத்தில் எங்கே இருக்கிறது என்பது.

முதற் சொல்லாக நொதியத்தை எழுதினோம். ஆங்கிலத்தில் என்சைம். 1870களில் ஜேர்மனியரான வில்ஹெல்ம் கூனே வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் 'புளித்த மாவினுள்' என்று பொருள்படும். நமது சொல்லும் நொதித்தலிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழியும் ஒரே மாப்பானைக்குள் எட்டிப் பார்த்திருக்கின்றன. 1897இல் எடுவார்ட் புக்னர் மதுவக் கலங்களை அரைத்துப் பிழிந்தெடுத்த சாறு, உயிருள்ள கலம் ஒன்றுமில்லாமலே சீனியை நொதிக்கச் செய்தது. அதற்காக 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிருக்குள் நடப்பதும் இரசாயனமே என்று துணிந்து சொல்ல அந்தச் சாறு ஒரு பெரிய சாட்சி.

மூன்றாவது நிரலுக்கு அவள் மாமனின் தொழிற்சாலை வந்தது. வாட்டிய கொழுந்தை உருட்டும்போது கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறையில் இருந்த கற்றெச்சின்களும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியமும் சந்திக்கின்றன. காற்றின் ஒட்சிசன் சேர, பச்சை இலை செப்பு நிறமாகிறது. இதைப் 'புளிக்க வைத்தல்' என்று சொன்னாலும் அங்கே மதுவத்துக்கு வேலையில்லை. பிறகு சூடான காற்றில் காய வைக்கும்போது நொதியம் இயல்பழிந்து வேலையை நிறுத்துகிறது. கொழுந்துக்கு முதலிலேயே ஆவி பிடித்துவிட்டால் அது பச்சைத் தேயிலை.

"அப்ப சேர், நறுக்குன உருளைக்கெழங்கு கறுக்குறதும் இதுதானா?" என்று கேட்டாள்.

அதுவும் அதே வகை நொதியம்தான். தண்ணீரில் போட்டால் காற்றுக் குறையும். தேசிக்காய்ப் புளி பிழிந்தால் அமிலத்தில் நொதியம் தளரும். அவித்த கிழங்கு கறுக்காது. எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும் என்றாலும் அந்தச் சூடு நொதியத்துக்குப் போதும். வெப்பநிலை, அமிலத்தன்மை, இயல்பழிதல் என்று பாடநூல் தனித்தனித் தலைப்பில் சொல்வதை ஒரு கிழங்கு சேர்த்துச் சொல்லிவிட்டது.

அதன்பிறகு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். முதலில் நீர், ஐதரசன் பிணைப்பு, பீ.எச், தாங்கற்கரைசல். மனித இரத்தத்தின் பீ.எச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும்; அதைக் காப்பதில் இருகாபனேற்றுத் தாங்கலுக்குப் பெரிய பங்குண்டு. அடுத்து, தொழிற்பாட்டுக் கூட்டங்கள். பின்பு 20 அமினோ அமிலங்கள், கிழமைக்கு ஐந்தாக, நீரை நாடுபவை, நீரை வெறுப்பவை என்று பிரித்து. புரதம் மடிந்து உருவெடுக்கும் கதை அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. கிளைக்கோப்பகுப்பின் பத்துப் படிகளையும் இப்போதே மனனம் செய்ய வேண்டாமென்றேன். ஆறு காபனுள்ள குளுக்கோசு மூன்று காபனுள்ள இரண்டு பைருவேற்றாகிறது, நிகரமாக இரண்டு ஏ.ரீ.பி. மிஞ்சுகிறது. இவ்வளவும் தெளிவாக இருந்தால் படிகள் பிறகு வந்து தங்கும்.

அல்கலி என்ற சொல் வந்த நாளில், அது 'அல் கலீ' என்ற அரபுச் சொல், சாம்பலைக் குறிப்பது என்று சொன்னேன். அடுப்பைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆங்கிலமென்று நாம் பயப்படும் சொல்லும் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியிலிருந்து புறப்பட்டதுதானே.

தமிழில் படித்ததை மறக்க வேண்டுமென்பவர்கள் ஒரு மனிதரை நினைக்க வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலை 1875இல் தமிழில் தந்தார். ஆங்கிலம் தாய்மொழியான அவர், நோயாளியின் மொழியில் வைத்தியன் சிந்திக்க வேண்டுமென்று தமிழுக்கு வந்தார். நமது பிள்ளைகள் எதிர்த்திசையில் பயணம் செய்கிறார்கள். போகட்டும், ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் மூட்டையை ஆற்றில் போட்டுவிட்டுக் கரையேற வேண்டியதில்லை. நாளைக்குத் தோட்டத்து வைத்தியசாலையில் ஒரு தாய்க்கு நீரிழிவை விளக்கும்போது முதலாவது நிரல்தான் அவளுக்குத் தேவைப்படும்.

மாடு விற்கப்படவில்லை. அதன் பாற்காசு இப்போது மாதாமாதம் விடுதிச் செலவுக்குப் போகிறது. பீடம் திறந்து சில கிழமைக்குப் பின் ஓர் இரவு தொலைபேசியில் வந்தாள்.

"சேர், இங்கிலீசு இன்னும் வேகமாத்தான் போகுது. பாதி வெளங்கல. ஆனா பாடம் வெளங்குது."

பரீட்சைகள் இனித்தான் வரவேண்டும். அந்தப் பாதி ஆங்கிலத்தை அவள்தான் உழைத்துப் பிடிக்க வேண்டும். அதில் என் உதவி குறைவு. கொப்பியின் பிரதியொன்று இப்போது பக்கத்துத் தோட்டத்தில் காத்திருக்கும் ஒரு பையனிடம் இருக்கிறது. இதை வாசிப்பவர்களில் பல்கலைக்கழகம் போய் வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது, காத்திருக்கும் ஒரு பிள்ளையின் கொப்பியில் இரண்டாவது நிரலை நிரப்ப ஒரு நாள் ஒதுக்குங்கள். மூன்றாவதைப் பிள்ளையே நிரப்பிக்கொள்ளும்.