முறுக்குக் கால்

கதை எழுதுகிறவனுக்குப் பேனாவும் காகிதமும் தவிர வேறு ஆயுதம் தேவையில்லை என்பது உலகத்தார் அபிப்பிராயம். ஆகையால் மணவூரில் எனக்குச் சொந்தமாக ஒரு கடைசல் யந்திரம் இருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு, "எதைக் கடைவதற்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் பாஷையில் தயிரையும் கடைகிறோம், கீரையையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். தயிர் கடையும் மத்தையே மரத்தைக் கடைந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது. மோட்டார் வருவதற்கு முன்னால் மரத்தின் மேல் கயிற்றைச் சுற்றி ஒருவர் முன்னும் பின்னுமாக இழுப்பார். இன்னொருவர் உளி பிடிப்பார். மோர் கடைகிற கையும் அதே வேலையைத்தானே செய்கிறது? வார்த்தை ஒன்றாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மணவூர், சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் செஞ்சி பனம்பாக்கத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில் வருகிறது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியதே இந்த வழியில்தான். ஆனால் வெகு பேர் இங்கே இறங்குவதில்லை. நான் இறங்க ஆரம்பித்தது கல்யாணத்துக்குப் பிறகு. என் மாமனாருக்கு இந்த ஊரில் ஒரு தகரக் கொட்டகையும், அதற்குள் ஒரு கடைசல் பட்டறையும் இருந்தன. ஒரே பெண். அவர் காலமானதும் பெண்ணோடு பட்டறையும் என்னைச் சேர்ந்தது.

யந்திரம் பஞ்சாபில் உள்ள படாலாவில் வார்த்தது. வார்ப்பிரும்புப் படுக்கை ஐந்தடி நீளம். அதை மாமனார் எப்போதோ பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கினார். அவருக்கு முன்னால் எத்தனை கை மாறியதோ! அவர் கடைசல்காரர் அல்ல, முதல் போட்டவர். யந்திரத்தில் வேலை செய்தவர், இன்னமும் செய்கிறவர், ஊரில் எல்லோரும் ஆசாரியார் என்று அழைக்கும் பெரியவர். வயது எழுபத்திரண்டு. கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, சப்பாத்திக் குழவி, ஆடி மாதத்துக்குப் பம்பரம் என்று என்ன கேட்டாலும் கடைந்து கொடுத்து, மாசம் ஒரு சிறு தொகையை வாடகையாக என் மனைவி கையில் கொடுத்துவிடுவார். அந்தத் தொகையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இரண்டு வருஷங்களுக்கு முன் யந்திரம் முனக ஆரம்பித்தது. கடைந்த மரத்தின் மேல் மெல்லிய அலை அலையாகக் கோடுகள் விழுந்தன. "தலைப் பெட்டியில பேரிங் போயிடுச்சு மாப்ளே" என்றார் ஆசாரியார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரை எடுத்து, நுனியைப் பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைத் தம் காதில் வைத்துக்கொண்டு, என்னையும் கேட்கச் சொன்னார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நம்மிடம் கொடுத்தால் எப்படியோ அப்படித்தான். உள்ளே ஏதோ மணல் உருளும் சத்தம் எனக்கும் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசினார். "கொடுத்து விடுங்களேன். ஆசாரியாருக்கும் தோள் வலி. பிள்ளை ஆவடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். போய் நிம்மதியாக உட்காரட்டுமே" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ஆசாரியாரிடம் அதைச் சொல்லப் போனபோது அவர் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வேலை இல்லாத நாளிலும் பெருக்குகிறார்! நான் பேரிங்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தேன். இரண்டு பேரிங், ஒரு பெல்ட், மோட்டாருக்கு ஒரு கப்பாசிட்டர். அவ்வளவில் காரியம் முடிந்தது. 1440 சுற்று ஓடும் மோட்டார். மூன்று அங்குலப் புல்லியிலிருந்து ஆறு அங்குலப் புல்லிக்குப் பெல்ட் போட்டால் மரம் 720 சுற்று ஓடும். கட்டில் காலுக்கு அது சரியான வேகம் என்பார் ஆசாரியார்.

கடைசல் என்றால் நம் ஜனங்களுக்கு அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்தான் நினைவுக்கு வரும். கர்நாடகத்தில் சன்னபட்டணம், ஆந்திரத்தில் ஏடிகொப்பாகா. இரண்டு ஊரிலும் ஒரே மரம், நம் வெட்பாலை. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். தேய்க்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். சன்னபட்டணத்தில் அதற்கு மெருகு கொடுப்பது தாழை மடல். இதெல்லாம் ஏழைகளின் தொழில். ஐரோப்பாவிலோ இதே கடைசல் ராஜாக்களின் பொழுதுபோக்காக இருந்திருக்கிறது. ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் அரண்மனையில் கடைசல் பட்டறை வைத்துக்கொண்டு தாமே தந்தமும் மரமும் கடைந்தார். லண்டனில் ஹோல்ட்ஸாப்ஃபெல் என்ற குடும்பம் 1790-களில் ஆரம்பித்து நூறு வருஷங்களுக்கு மேல், பூவும் சுருளும் வெட்டுகிற அலங்காரக் கடைசல் யந்திரங்களைப் பிரபுக்களுக்குச் செய்து விற்றது. நம் காலத்தில் அமெரிக்காவில் 'லெகஸி' என்ற பெயரில் மரவேலைக்காரர்களுக்கே ஒரு யந்திரம் வந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'அலங்கார ஆலை' என்று வரும். எண்ணெய் ஆலை போல் இருக்கிறது, விட்டுவிடுவோம்.

அதன் படத்தை எனக்குக் கைபேசியில் காட்டியவன் ஆசாரியாரின் பேரன், பாலிடெக்னிக்கில் படிப்பவன். சாதாரணக் கடைசலில் மரம் பறக்கும், உளி நிற்கும். இதில் தலைகீழ். கைப்பிடியைச் சுழற்றினால் மரம் நிதானமாகத் திரும்பும். அதற்கு மேலே ரூட்டர் நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்று ஓடியபடி, மரம் திரும்பத் திரும்பப் பக்கவாட்டில் நகரும். (வீட்டில் இன்டர்நெட்டுக்கு வைத்திருக்கும் ரூட்டர் அல்ல, தச்சர்கள் மரத்தில் பள்ளம் போடும் யந்திரம்.) திரும்புவதையும் நகர்வதையும் பல் சக்கரங்களால் பிணைத்திருக்கிறார்கள். விளைவு, முறுக்குக் கால்.

இந்த முறுக்குக் கால்தான் வம்புக்கு வந்தது. திருத்தணியில் ஒருவர் மாடிப்படிக்கு முப்பத்தாறு முறுக்குக் கால்கள் கேட்டார். பழைய வீட்டை இடித்த தேக்கு அவரிடமே இருந்தது. பதினெட்டு வலமுறுக்கு, பதினெட்டு இடமுறுக்கு. (தணிகை மலைக்கு 365 படி என்பார்கள், அங்கே இப்படி யாரும் கேட்கவில்லை!) ஆசாரியார் மாதிரிக்கு ஒன்று கையாலேயே செய்தார். கடைந்த உருளையின் மேல் காகித நாடாவைச் சாய்வாகச் சுற்றி, ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து, ரம்பத்தால் கோட்டோடு அறுத்து, உளியால் செதுக்கி, அரத்தால் தேய்த்து, ஒன்றரை நாள். சாயங்காலம் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் காபி குடித்தார். முப்பத்தாறுக்கு ஐம்பத்து நாலு நாள். அவர்களோ ஒரு மாசத்தில் கிரகப் பிரவேசம் என்றார்கள்.

கம்ப்யூட்டரில் ஓடும் யந்திரத்துக்கு விலை விசாரித்தேன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியார் சொன்ன தொகையில் மணவூரில் வீடே கட்டிவிடலாம். பேரன் பல் சக்கரங்களைக் கணக்குப் போட்டான். எட்டு அங்குலத்துக்கு ஒரு முறுக்கு வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் புரியுள்ள திருகு, மரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நாற்பது சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அதற்கு எத்தனை சக்கரம்! ஆசாரியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏண்டா, கயிறு போட்டா ஆகாதா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பேரனுக்குப் புரிந்துவிட்டது. மரம் மாட்டும் தண்டின் மேல் ஓர் உருளை. உருளையின் மேல் மோட்டார் சைக்கிள் கிளச் ஒயர் நாலு சுற்று. ஒயரின் இரண்டு முனைகளையும் ஒரு கப்பி வழியாக ரூட்டர் உட்கார்ந்திருக்கும் பலகையில் கட்டிவிட வேண்டியது. தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால், உருளையின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு தூரம் பலகை நகரும். ஒயரை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வலமுறுக்கு இடமுறுக்காகிவிடும். பல் சக்கரமே வேண்டாம்.

பேரன் கைபேசியில் கணக்குப் பார்த்து, "உருளை 64.7 மில்லிமீட்டர் குறுக்களவு, தாத்தா" என்றான்.

"ஒயரு தடிமன் எவ்வளவு?"

"ரெண்டு."

"அப்ப அதைக் கழி. ஒயரு காத்துலயா சுத்துது?"

அறுபத்திரண்டே முக்காலுக்கு வாகை மரத்தில் உருளையை அவரே கடைந்தார், அதே யந்திரத்தில். வெல்டிங் கடையில் இரண்டு இரும்புக் குழாய்களைப் படுக்கைக்கு மேலே தண்டவாளம் போல வைத்துப் பற்றவைத்தோம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு கைப்பிடி மாட்டினோம். ஒயர் தொய்யாமல் இருக்க ஒரு ஸ்பிரிங். ரூட்டர் ஒன்றுதான் புதுசாக வாங்கியது. ஒரே மூச்சில் ஆழமாக வெட்டினால் தேக்கு கருகியது. மூன்று தடவையாக வெட்டியபோது வழவழவென்று வந்தது. முதல் பள்ளம் முடிந்ததும் மரத்தை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி, நடுவில் இரண்டாவது பள்ளம். இருபத்து நாலு அங்குலத்தில் மூன்று முறுக்கு, அளவு பிசகாமல் நின்றது. ஒரு காலுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆசாரியார் முதல் காலைக் கையில் வாங்கி வெகுநேரம் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "இதை யார் செஞ்சான்னு சொல்லுவீங்க மாப்ளே?" என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டாரா, இல்லையா என்று தெரியவில்லை. கையால் செய்த மாதிரியையும் சேர்த்துத்தான் முப்பத்தாறு. கிரகப் பிரவேசத்தன்று அந்த வீட்டு மாடிப்படியில் ஏறும்போது, கைப்பிடியை விட்டுவிட்டு ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டே போனார். எட்டாவதில் நின்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கு மற்றவை போலத்தான் இருந்தது. "பள்ளத்துல அர ஓட்டம் தெரியுதில்ல?" என்றார்.

இப்போது கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து ஆறு உருளைகள் மாட்டியிருக்கின்றன. நாலு அங்குல முறுக்குக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதியிருக்கிறது. ஆறாவதில் எழுத்து ஒன்றும் இல்லை. அது நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கி, மிருதங்கம் போல் இருந்தது. இது எதற்கு என்று பேரனைக் கேட்டேன். போகப் போக முறுக்கு அகலமாகி மறுபடி நெருங்கி வரும் என்று தாத்தா சொல்கிறாராம். ஒயர் வழுக்குகிறது, பள்ளம் வெட்டி ஒயரை அதில் உட்கார வைக்க வேண்டுமாம்.

வாடகையை உயர்த்தலாமா என்று என் மனைவி கேட்டாள். ரூட்டருக்குக் கார்பன் பிரஷ் வாங்கிக்கொண்டு போன வாரம் ரயில் ஏறினேன்.