இரண்டு சுழியா, மூன்று சுழியா?

"தம்பி, என் தங்கச்சி புருஷனோடதான் இருக்கா. நீங்க ஏன் ரேடியோவுல அப்படிச் சொன்னீங்க?"

நிகழ்ச்சி முடிந்த பத்தாவது நிமிடத்தில் வந்த அழைப்பு அது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அக்கா அனுப்பியிருந்த குறுஞ்செய்தியை மீண்டும் திறந்து, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். அம்மா இறந்த பிறகு மன முறிவில் இருக்கும் தங்கைக்காக ஒரு பாடல் கேட்டிருந்தார். நான் நேரலையில் வாசித்ததோ 'மண முறிவு'. போதாக்குறைக்கு, அறிவிப்பாளன் என்ற மிடுக்கில் நாக்கை நன்றாக வளைத்து, மூன்று சுழி 'ண'வை அழுத்தியே சொல்லியிருந்தேன். தங்கையின் மாமியார் வீட்டிலும் வானொலி ஓடிக்கொண்டிருந்ததாம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த 2020-ஆம் ஆண்டு அது. வீட்டு அறையிலிருந்தே நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தேன். அதற்காக இணையத்தில் 32 அங்குலக் கணினித் திரை ஒன்றை மலிவாக வாங்கியிருந்தேன். இவ்வளவு பெரிய திரை கிடைத்ததே என்று பாடல் பட்டியல், குறுஞ்செய்தி, செய்திக் குறிப்பு எல்லாவற்றையும் அருகருகே திறந்து, எழுத்தைச் சிறிதாக்கி வைத்திருந்தேன். ஊடகவியல் படிப்பில் ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். திரையைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். 24 அங்குலமானாலும் 32 அங்குலமானாலும் எண்ணிக்கை அதேதான். ஒரே மாவு உருண்டையை மேலும் மேலும் வீசி ரொட்டி சானாய் போட்டால் ஓட்டை விழுமே, அந்தக் கதை. 24 அங்குலத் திரையில் ஓர் அங்குல நீளத்துக்குச் சுமார் 92 புள்ளிகள் இருக்கும். என் 32 அங்குலத் திரையில் 69 மட்டுமே. மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்தை வரைய எட்டே புள்ளிகள். அதற்குள் எத்தனை சுழிதான் போட முடியும்?

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். கடைகளில் எல்லாத் திரைகளிலும் கடலும் மலையும் ஓடும். அதில் எந்தக் குறையும் தெரியாது. அதனால் 'மனம், மணம், பனி, பணி' என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு திரையிலும் எழுத்து ஒரே உயரத்தில் தெரியும்படி வைக்கச் சொன்னேன். கடையிலிருந்த சீன இளைஞருக்குத் தமிழ் தெரியாது. 32 அங்குல ஃபுல் எச்டியைப் பார்த்து, "பாஸ், முதல் இரண்டும் ஒரே சொல்தானே?" என்று மலாயில் கேட்டார். 27 அங்குல 4கே திரைக்கு வந்ததும் விரலால் தொட்டுச் சுழிகளை எண்ணினார். "இங்கே இரண்டு, அங்கே மூன்று." அதையே வாங்கினேன். அதில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 163 புள்ளிகள்.

32 அங்குல 4கே (சுமார் 138 புள்ளிகள்) திரையும் தெளிவாகத்தான் இருந்தது. என் மேசை அகலம் குறைவு. அவ்வளவு கிட்டே உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும். பிள்ளைகளின் பாடத்துக்கும் அலுவலக வேலைக்கும் 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 புள்ளிகள் உள்ள திரையே தாராளம். அதில் அங்குலத்துக்கு 109.

வீட்டுக்கு வந்தும் வேலை முடியவில்லை. 27 அங்குல 4கே திரையில் எழுத்துகள் எறும்பு அளவுக்குத் தெரியும். விண்டோஸ் அமைப்பில் அளவை 150 விழுக்காடாக்க வேண்டும். என் பழைய மடிக்கணினியின் எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்பட்டது. சுட்டி இழுத்து இழுத்து நகர்ந்தது. 60 முறைக்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். திரை வாங்கும் முன் உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

தவறு செய்த மறுநாளே நேரலையில் மன்னிப்புக் கேட்டு, அந்தச் செய்தியைச் சரியாக வாசித்து, பாடலை மீண்டும் ஒலிபரப்பினேன். அக்கா மறுபடி அழைத்தார். "பரவாயில்ல தம்பி, நேத்து மாமியாரே அவகிட்ட உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினாங்களாம்" என்றார்.

புதுத் திரை வந்தும், ஒலிவாங்கியைத் திறக்கும் முன் சுழிகளை ஒருமுறை எண்ணிவிடுகிறேன்.