எந்தப் படத்துச் சட்டை?

கோவில்பட்டியில் நான் காஜா எடுக்கப் போன கடையில் இரண்டு தையல் மெஷின்கள் இருந்தன. ஓடியது ஒன்றுதான். இன்னொன்றின்மேல் தைக்க வந்த துணிகள் எப்போதும் மலைபோல அடுக்கியிருக்கும். 1995-ல், ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், வெயிலில் சுற்றுகிறான் என்று அப்பா கொண்டுபோய் அங்கே விட்டார். லீவு முடிந்தும் நான் போவதை நிறுத்தவில்லை. சட்டைக்கு ஒரு ரூபாய் கூலி. காலரோடு சேர்த்து முன்பக்கம் ஏழு, கைக்கு ஒன்றாக இரண்டு, ஆக ஒன்பது காஜா, அதாவது பட்டன் ஓட்டை. பிளேடால் கீறி, கீறலின் விளிம்பை நூலால் சுற்றிச் சுற்றி முடிச்சிட்டு, இரண்டு முனையிலும் கெட்டியாக அடைத்து முடிக்க முதல் மாதத்தில் ஒரு சட்டைக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. இடது கை ஆட்காட்டி விரல் நுனி சல்லடையாகிவிட்டது.

ஆனால் அந்த ஒரு ரூபாய்க்காகத்தான் போனேன் என்று சொன்னால் பொய். ஊரின் கிறுக்குகள் எல்லாம் அந்த வாசலுக்குத்தான் வந்து சேர்ந்தன. அடுத்த கதவு ரெக்கார்டிங் சென்டர். எதிரே டீக்கடை. அதன் சுவரில் வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பட போஸ்டர், பழையதன்மேல் பசை காயாமல் ஒட்டியிருக்கும். சினிமா, பாட்டு, கிரிக்கெட், உடுப்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பத்தடி போதுமானதாக இருந்தது.

தையற்கடைக்குச் சினிமா கதையாகவோ பாட்டாகவோ வராது. வர்ணனையாக வரும். "பாட்டு ஆரம்பிக்கும்போது மலைமேல நிப்பாருல்லா மாஸ்டர், அந்தச் சட்டை" என்பான் ஒருவன். மாஸ்டர் இஞ்சி டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்குவார். பாக்கெட் ஒன்றா இரண்டா? பாக்கெட்டுக்கு மூடி உண்டா? காலர் நுனி கூரா, மொண்ணையா? தோளில் பட்டி வைத்திருந்ததா? வந்தவன் முழிப்பான். நாலு தடவை படம் பார்த்தவனுக்கும் பாக்கெட் தெரியாது. அதே படத்தின் அதே சட்டையைக் கேட்டு நாலு பேர் வந்தால் நாலு சட்டை வெளியே போகும். அவர்கள் பார்த்தது சட்டையை அல்ல, அதைப் போட்டுக்கொண்டு தாங்கள் நடந்து போவதைத்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

ஒரே மாதிரிச் சட்டையை நிறையப் பேர் கேட்கத் தொடங்கிவிட்டால் மாஸ்டர் இரண்டாவது ஆட்டத்துக்குப் போய் வருவார். டிக்கெட் காசைக் கடைக் கணக்கில் நூல், பட்டன் வரிசையில் எழுதுவார். மறுநாள் காலையில் கேட்டால் காலர் அகலத்தைக் கால் இஞ்சு பிசகாமல் சொல்வார். கதை கேட்டால் யோசிப்பார். ஒரு தடவை நான் விடாமல் நச்சரித்ததற்கு, "வில்லனுக்குத் தச்சவன் நல்ல கைக்காரம்ல. தோள் அப்படி உக்காந்திருக்கு" என்றார். அந்தப் படத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

1994-ல் 'காதலன்' வந்ததிலிருந்து பேகி பேன்ட் காலம். இடுப்பில் மடிப்புமேல் மடிப்பாக வைத்து, தொடையில் காற்றடித்த மாதிரி ஊதவிட்டு, கணுக்காலில் சுருக்க வேண்டும். துணி கூடுதலாக வாங்கும், கூலி அதேதான். "பிரபுதேவா ஆடுவான், அவனுக்குச் சரி. தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறவனுக்கு எதுக்கு?" என்று முனகிக்கொண்டே வெட்டுவார். மறு வருஷப் பொங்கலுக்கு 'பாட்ஷா'. ஆட்டோக்காரர்கள் வழக்கமாகத் தைக்கிற காக்கிச் சட்டையைத்தான் தைத்தார்கள். ஆனால் அளவு கொடுக்கும்போது நிமிர்ந்து நின்றார்கள். மார்புச் சுற்றளவில் ஒரு இஞ்சு கூடியது. அந்த மூச்சுக்கும் சேர்த்தா தைப்பது என்று மாஸ்டர் அவர்களைப் பேச வைத்து, மூச்சு இறங்கிய பிறகு இன்னொரு தடவை அளப்பார்.

அந்த வருஷம்தான் ரஃப் அண்ட் டஃப் வந்தது. ஜீன்ஸ் துணி, ஜிப், பட்டன், பித்தளைக் குமிழ், பின்பக்கம் தைக்கும் தோல் சீட்டு எல்லாம் ஒரே பைக்குள். வாங்கி வந்து நம்ம ஊர் டெய்லரிடம் நம்ம அளவுக்குத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். ரெடிமேட் ஜீன்ஸ் வாங்கக் கையில் காசில்லாத ஊர்களில் ஜீன்ஸ் இப்படித்தான் நுழைந்தது. மாஸ்டரின் மெஷின் வெள்ளைச் சட்டைக்குப் பழகியது. கால்சந்தில் நாலு மடிப்பு சேரும் இடத்துக்கு வந்தால் 'டக்' என்று ஊசி முறியும். கடைசியில் வீட்டிலிருந்து அம்மிக்குழவியைக் கொண்டுவரச் சொன்னார். நான் மடிப்பை நசுக்கி நசுக்கிக் கொடுக்க, அவர் சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாக ஏற்றுவார். மாவட்டத்திலேயே அம்மிக்குழவியால் ஜீன்ஸ் தைத்த கடை எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு விசாரித்ததில் சாத்தூரிலும் அப்படித்தானாம்.

பெண்கள் பக்கம் நடந்தது எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்களுடையது ஜென்ட்ஸ் கடை. 'பூவே பூச்சூடவா' வந்து பத்து வருஷமாகியும் என் சித்தி வைத்திருந்த கம்மலுக்கு நதியா கம்மல் என்றுதான் பெயர் என்பதோடு என் ஞானம் முடிந்தது.

கோவில்பட்டியில் தீபாவளி தீப்பெட்டி ஆபீஸ் போனஸில்தான் பிறக்கும். போனஸ் கைக்கு வந்த மறுநாள் துணிக்கடை, அதற்கு மறுநாள் நாங்கள். அந்த வருஷத் தீபாவளிக்கு 'முத்து'வும் 'குருதிப்புன'லும் ஒரே நாளில் வந்தன. மாஸ்டருக்கு இரண்டுமே கை கொடுக்கவில்லை. ஒருவர் தோளில் துண்டோடு குதிரை வண்டி ஓட்டினார், இன்னொருவர் போலீஸ். துண்டுக்கு ஓரம் அடித்தா பிழைக்க முடியும்? அவரைவிட நொந்து போனவர் ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி. 'முத்து' கேசட் நிற்காமல் ஓடியது. 'குருதிப்புன'லில் பாட்டே கிடையாது. கமல் ரசிகர்கள் இருபது பேர் கடை வாசலில் நின்றுகொண்டு, எதிர்க்கட்சி ரஹ்மான் பாட்டாகப் போட்டுத் தள்ளுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒருவன் கேட்டே விட்டான்: "அண்ணாச்சி, படத்துல துப்பாக்கிச் சத்தம் வருதுல்லா, அதையாவது பதிஞ்சு தரக் கூடாதா?"

அந்த அண்ணாச்சியும் ஒரு வகையில் டெய்லர்தான். ஜனங்கள் நோட்டுத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்பார்கள். தொண்ணூறு நிமிட கேசட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து. எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பது அவருக்கு மனப்பாடம். பாதியில் அறுந்து மறுபக்கம் போகாதபடி வரிசையை முன்பின் மாற்றுவார். கடைசியில் ஒன்றரை நிமிடம் மிஞ்சினால் வெறுமனே விடமாட்டார். ஏதாவது ஒரு படத்தின் பின்னணி வயலினை அதில் ஒட்டிவிடுவார். கேட்காமலே கிடைத்த அந்த வயலினுக்காகவே கேசட்டைத் தேய்த்தவர்கள் உண்டு. நானும்தான். அது எந்தப் படம் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இனி என் கதை. 1996 மார்ச் 13, புதன்கிழமை. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது. டியூஷன் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்திருந்தேன். கல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதி, இலங்கையோடு. அண்ணாச்சி வீட்டு போர்ட்டபிள் டிவியைக் கொண்டுவந்து தெருவைப் பார்க்க வைத்துவிட்டார். டீக்கடை பெஞ்சு நடுத்தெருவுக்கு வந்தது. நான் மடியில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. ஒரு காலேஜ் பையனுடையது, மறுநாள் கொடுக்க வேண்டும். 252 எடுத்தால் வெற்றி. 98-க்கு ஒன்றுதான் போயிருந்தது. டெண்டுல்கர் 65. கண் டிவியில், கை சட்டையில். ஜெயசூரியா பந்து போட்டார். டெண்டுல்கர் ஓரடி வெளியே வந்துவிட்டார். களுவிதாரண ஸ்டம்பைத் தட்டினார். தெருவே ஒரு பெருமூச்சு விட்டது.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பட்டியில் ஏழு கீறலும் போட்டு முடித்திருந்தேன். சட்டைக்கு இடது பட்டியில் காஜா, வலது பட்டியில் பட்டன். நான் கீறியிருந்தது வலது பட்டியில்.

அதன்பிறகு கல்கத்தாவில் நடந்ததை நான் பாதிதான் பார்த்தேன். 120-க்கு எட்டு. 22 ஓட்டத்துக்குள் ஏழு விக்கெட், என் ஏழு கீறலுக்குக் கணக்கு வைத்த மாதிரி. ஜனங்கள் பாட்டில் எறிந்து, தீ வைத்ததும் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே போனார். நானும் அழுதேன், எல்லோரும் இந்தியாவுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாஸ்டர் சட்டையை பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணு எங்கலே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். டிவி இருந்த பக்கம் கை காட்டினேன். வெட்டின துணி வெட்டினதுதான். அதே துணி ஊரில் இல்லை. "எடு, காஜா போடு" என்றார். போட்டேன். பட்டனை அவரே இடது பக்கம் தைத்தார்.

மறுநாள் அந்தப் பையன் வந்து, அங்கேயே போட்டுப் பார்த்தான். விரல்கள் பழக்கப்படி போய்ப் பட்டனைத் தேடித் தடுமாறின. ஒரு நிமிடம் கண்ணாடியைப் பார்த்தான். நான் துணி மலைக்குப் பின்னால் போய்விட்டேன். பிறகு அவன் குரல் கேட்டது: "மாஸ்டர், இது எந்தப் படத்துல வருது?"

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. வாயில் அஞ்சாறு குண்டூசி வைத்திருந்தார். பையன் கூலி கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினான். அடுத்த வாரம் அவன் கூட்டாளி ஒருவன் அதே மாதிரி வேண்டும் என்று வந்து நின்றான்.

இந்தக் கிறுக்குகளை வெட்டி வேலை என்று என் அப்பா வகையறா தீர்ப்புச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எதன்மேலாவது கிறுக்கு உள்ளவனுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் கழுகுக் கண். மற்ற எல்லா இடத்திலும் குருடு. டெண்டுல்கரின் கால் கோட்டைத் தாண்டியதைப் பார்த்த எனக்கு என் மடியில் கிடந்த சட்டையின் இடவலம் தெரியவில்லை. இரண்டரை மணி நேரத்துச் சினிமாவில் மாஸ்டர் கண்டது ஒரு தோள்பட்டை. ஆனால் அது அவர் பிழைப்பு, கிறுக்கு அல்ல. அவருடைய கிறுக்கு வேறு.

கோவில்பட்டி ஹாக்கி ஊர். வளைந்த கருவேலங்கிளையை வெட்டி மட்டையாக்கிய பையன்கள் உள்ள ஊர். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய அணியில் மாரீஸ்வரன் இந்த ஊர்ப் பையன், அரியலூர்க் கார்த்தி இங்கே ஹாக்கி பழகியவன். பாகிஸ்தானோடு நடந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தி அடித்தது. நான் சொல்லும் காலத்தில் இங்கே செயற்கைப் புல்தரை கிடையாது. கட்டாந்தரையில் விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். மாஸ்டர் வாலிபத்தில் லெஃப்ட் எக்ஸ்ட்ரீம் ஆடியவர். உள்ளூர் அணிகளுக்கு ஜெர்சி தைத்தால் நூல் காசு மட்டும் வாங்குவார். வெட்டில் விழுந்த வெள்ளைத் துண்டுகளைச் சேர்த்து வைத்து முதுகு நம்பர்களை வெட்டித் தைப்பார். தீபாவளிச் சட்டை காத்திருக்கும், ஜெர்சி காத்திருக்காது. 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்ததை அவர் நேற்று நடந்தது போலச் சொல்வார். கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டால், "நின்னுக்கிட்டே இருக்கானுவ" என்பதோடு சரி.

1996 டிசம்பரில் சென்னையில் ஹாக்கி சாம்பியன்ஸ் டிராபி. மெட்ராஸ் அப்போதுதான் சென்னையாகியிருந்தது. ஒரு சாயங்காலம் மாஸ்டர் கடையை என்னிடம் விட்டுவிட்டு சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார். ஒரு நாள்கூடக் கடை அடைக்காதவர். வந்தவர்களிடமெல்லாம் நான் வசவு வாங்கினேன். கல்யாணச் சட்டைக்குத் துணி கொடுத்திருந்த ஒருவர் தினம் இரண்டு வேளை வந்து போனார்.

எழும்பூரில் இறுதி ஆட்டம்வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். நெதர்லாந்து பாகிஸ்தானை 3-2 என்று ஜெயித்த ஆட்டம். குளிக்கக்கூட வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனிலிருந்து நேரே கடைக்கு வந்து, வெட்டுமேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கித் தள்ளினார். மார்க் சாக்கால் கோல் கோட்டைப் போட்டார். பாபின்களைப் பொறுக்கி ஆட்களாக நிறுத்தினார். பந்துக்கு ஒரு சட்டைப் பட்டன். பெனால்டி கார்னரை அவன் எப்படித் தள்ளுகிறான், இவன் எப்படி நிறுத்துகிறான், மூன்றாமவன் எங்கேயிருந்து ஓடி வருகிறான் என்று பாபின் பாபினாக நகர்த்திக் காட்டினார். கல்யாணச் சட்டைக்காரர் வந்து வாசலில் நின்றார். அவரையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அவரும் என்ன செய்வார், குனிந்து பார்த்தார்.

எனக்குத் தொழில் புத்தி. "மாஸ்டர், ஹாலந்துக்காரன் ஜெர்சியில காலர் எப்படி வச்சிருந்தான்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ பாஷை தெரியாத ஊர்க்காரன் மாதிரி.

"காலரா? காலர் இருந்துச்சா என்ன?" என்றார். பட்டனை எடுத்து மறுபடியும் கோட்டின்மேல் வைத்தார். "அத விடுலே. இங்க பாரு, இங்கேருந்துதான் தள்ளுதான்..."