கடைசி வீட்டுக்கும் மழைச் செய்தி

மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் மழையை முன்னறிந்து சொன்னவர் என் பாட்டி. காலையில் வாசலில் நின்று மேற்குத் திசையை நோக்குவார். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் விறகை உள்ளே எடுத்து வைக்கச் சொல்வார். அவர் கணிப்பு பெரும்பாலும் பலித்தது. ஆயினும், மழை வரும் என்று அறிந்த அவரால் அது எவ்வளவு பெய்யும் என்று கூற இயலவில்லை. மலைச்சரிவில் குடியிருப்போர்க்கு அந்த ‘எவ்வளவு’ என்பதே உயிரான கேள்வி.

அக்கேள்விக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை விடை கூற முயல்கிறது. ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டது அதிகனமழை. இவற்றிற்குக் கேரளத்தில் முறையே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிற எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். 200 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 200 லிட்டர்! அத்தனை நீரைக் குடித்த மண் சரிவில் நிற்கும் வலிமையை இழக்கக்கூடும்.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, இராஜமலை அருகே பெட்டிமுடியில் அவ்வாறுதான் நேர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த லயங்களின் மீது மலை சரிந்தது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால், அத்துயரச் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது.

நம் பகுதியில் வேறோர் இடரும் உண்டு. சூன் மாதத் தொடக்கத்தில் வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மலைத்தொடர் தடுப்பதால் இடுக்கியில் மழை கொட்டுகிறது. மலைக்கு அப்பால் போடியிலோ வானம் வெளுத்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே அக்காற்று கோவை வரை வீசிச் செல்லும். நம் வீட்டு முதியோர் காண்பதோ தமிழ்த் தொலைக்காட்சி. அது முதன்மையாகச் சொல்வது தமிழ்நாட்டு வானிலையை. இங்குள்ள மலைக்கான எச்சரிக்கையோ மலையாளத்தில் வருகிறது. ‘காலவர்ஷம்’ என்பது தென்மேற்குப் பருவமழை. ‘துலாவர்ஷம்’ என்பது ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. ‘உருள்பொட்டல்’ என்பது நிலச்சரிவு. இச்சொற்களின் பொருளைப் பாட்டிக்கு எடுத்துரைக்க வல்லவர், பள்ளியில் இரு மொழியும் கற்கும் பேரப்பிள்ளையே.

எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் பொதுவானது. நம் வீட்டின் பின்னுள்ள சரிவை அது அறியாது. ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, நிலத்திலும் சுவரிலும் புதிய விரிசல் தோன்றினாலோ, அங்கிருப்போர்தாம் அதைக் காண முடியும். அத்தகைய வேளையில் நிறம் மாறும்வரை காத்திராமல், பெரியோருடன் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லவேண்டும். பாட்டியின் கண்ணும் ஆய்வுத் துறையின் அளவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்து வைக்கும் பொறுப்பு, செய்தியைப் படித்துச் சொல்லும் பிள்ளையிடம் இருக்கிறது.