கைம்மருந்து

பிறந்து ஒரு திங்களே நிறைந்த பச்சிளங்குழந்தை, பகலெல்லாம் பாலுண்டு உறங்கிவிட்டு, அந்தி சாயும் நேரத்தில் வீறிட்டு அழத் தொடங்கும். முகம் சிவக்கும்; விரல்கள் மடங்கி இறுகும்; முழங்கால்கள் வயிற்றை நோக்கி ஒடுங்கும். பாலூட்டினாலும் அழுகை அடங்காது. தோளில் சாய்த்தாலும் ஓயாது. 'உரம் விழுந்திருக்கிறது' என்பார் ஒருவர். 'கண்ணேறு பட்டுவிட்டது' என்பார் மற்றொருவர். 'பெற்றவள் எதைத் தின்றாளோ' என்னும் சொல்லோடு, இறுதியில் பழி தாயின்மேல் வந்து நிற்கும்.

இவ்வழுகையை மருத்துவர்கள் 'கோலிக்' என்பர். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் மோரிஸ் வெசலும் அவருடைய குழுவினரும் 1954ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். நலமாக வளரும் குழந்தையொன்று நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலாக, வாரத்தில் 3 நாள்களுக்கு மேலாக, 3 வாரங்களுக்கும் மேலாக அழுதால் அது கோலிக் எனக் கொள்ளப்பட்டது. இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கும் இவ்வழுகை ஆறாம் வாரத்தையொட்டி உச்சம் அடைகிறது. மூன்று, நான்கு மாதங்களில் தானே தணிகிறது. முதிராத குடல், பாலோடு விழுங்கிய காற்று, ஒளியாலும் ஓசையாலும் களைத்த நரம்புகள் எனக் காரணங்கள் பல கருதப்படுகின்றன. இதுதான் காரணம் என எந்த ஒன்றையும் அறுதியிட இயலவில்லை. ஆதலின், இதை உடனே போக்கும் ஒற்றை மருந்தும் இல்லை.

ஆயினும், அழும் குழந்தையைக் கண்டு வாளாவிருக்க எவரால் இயலும்? சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு ஆகியவற்றை உரைகல்லில் இழைத்துப் பாலாடையில் புகட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயரிட்டனர். அப்பெயரில் அன்பு உண்டு. ஆனால், கல்லில் இழைக்கும் மருந்துக்கு அளவு இல்லை. கல்லும் நீரும் தூயவை அல்லவெனில் நோய்க்கிருமிகளும் உடன் சேரும். வசம்பில் உள்ள 'பீட்டா அசரோன்' என்னும் பொருள் நச்சுத்தன்மை உடையது என ஆய்வுகள் காட்டுகின்றன. தேன் இனியதுதான், எனினும், ஓராண்டு நிறையாத குழந்தைக்கு அது 'பொட்டுலிசம்' என்னும் கொடிய நோயைத் தரக்கூடும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு 1851ஆம் ஆண்டில் உருவாக்கிய கிரைப் வாட்டரில் தொடக்கக் காலத்தில் மதுசாரம் கலந்திருந்தது என்பதும் எண்ணத்தக்கது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீரும் வேண்டா என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

அவ்வாறாயின் உணவில் கருத வேண்டியது தாயின் உணவே. இதிலும் மிகை நேர்ந்துவிடுகிறது. பருப்பு வாயு, கீரை மந்தம், பழம் குளிர்ச்சி என ஒவ்வொன்றாக விலக்கி, பாலூட்டுபவளை அரைப்பசியில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பெரும்பாலான தாய்மார்க்கு இத்தகைய பத்தியம் தேவையே இல்லை. ஒருசில குழந்தைகளுக்கு மட்டும், தாய் அருந்திய பசும்பாலின் புரதம் தாய்ப்பால்வழியே சென்று ஒவ்வாமை தருவதுண்டு. அவ்வாறு ஐயுற்றால், மருத்துவர் அறிவுரைப்படி பாலையும் தயிரையும் இரண்டு வாரமளவு நிறுத்திப் பார்க்கலாம். மாற்றம் இல்லையெனில் அவற்றை மீண்டும் உண்ணலாம். காப்பி, தேநீரைக் குறைத்துக்கொள்வது நன்று. குழந்தை ஒரு பக்கம் நிறையக் குடித்த பிறகே மறுபக்கம் மாற்றுவதும், பாலூட்டியபின் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விடச் செய்வதும் தேவை.

முன்னோர் தந்தவற்றுள் வாய்வழிப் புகட்டியவற்றை விலக்கினாலும், கைவழிச் செய்தவற்றைக் கைவிட வேண்டியதில்லை. குழந்தையை மார்போடு அணைத்து மெல்ல நடக்கலாம். விழித்திருக்கையில் மடியில் குப்புறக் கிடத்தி முதுகை வருடலாம். வெதுவெதுப்பான கையால் வயிற்றை வட்டமாகத் தடவலாம். கால்களை மெதுவாக மடக்கி நீட்டலாம். விளக்கொளியைக் குறைத்துத் தாலாட்டலாம். 'தால்' என்பது நாவைக் குறிக்கும். நாவசைத்துப் பாடுவதால் அது தாலாட்டு ஆயிற்று. கருவறையில் தாயின் நெஞ்சத்துடிப்பையும் குரலையும் கேட்டுப் பழகிய செவிக்குச் சீரான ஓசை ஆறுதல் தருகிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலுக்கு மூன்றாம் இடம் தந்த புலவர்கள், பச்சிளம் பருவத்தின் இத்தேவையை அறிந்தவர்களே.

இத்தனைக்குப் பிறகும் அழுகை ஓயாத இரவுகள் உண்டு. அப்போது பெரும் இடர்ப்பாட்டில் இருப்பவள் தாய். பல நாள் உறக்கமின்றி, 'எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையோ' என்று அவள் மனம் குன்றுவாள். சினமும் சலிப்பும் மிகும் கணத்தில் எவரும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடக் கூடாது. அது மூளையில் குருதிக்கசிவை உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடும். பொறுமை எல்லை கடக்கிறது எனத் தோன்றினால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சற்றே விலகி நின்று மூச்சை ஆற்றிக்கொள்வது குற்றமன்று. காய்ச்சல், பச்சைநிற வாந்தி, மலத்தில் குருதி, பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து துவளுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது வெறும் கோலிக் அன்று. காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வீட்டு மருத்துவத்தைக் 'கைவைத்தியம்' என்று வழங்குகிறோம். கோலிக்குக்கு அச்சொல் முழுதும் பொருந்துகிறது. இங்கே கைகளே மருந்து. அவை தாயின் கைகளாக மட்டும் இருத்தல் வேண்டா. தந்தையின் தோளும், பாட்டியின் மடியும், கல்லூரிக்குச் செல்லும் சித்தப்பாவின் கைகளும் முறை மாற்றி ஏந்தினால் தாய் ஒரு மணி நேரமேனும் கண்ணயர்வாள். பதினொன்றாம் வகுப்புப் பயிலும் அக்காவும் அண்ணனும்கூட அந்தி வேளையில் புத்தகத்தைச் சற்று மூடிவைத்துவிட்டு அக்குழந்தையை வாங்கிக்கொள்ளலாம். அழுகை உடனே நிற்காமல் போகலாம். எனினும், அந்த ஒரு மணி நேரம் தாய் தனித்திருக்க மாட்டாள்.